பருக்கைப் பல்

சோற்றுப் பருக்கையளவு பல்,
அதுவும் ஒரு முனை உடைந்த பருக்கை.
பிறக்கும்போதே கீழ் முரசில் நின்றது.
மருத்துவிச்சி குனிந்து பார்த்து
இரண்டு மொழியில் வியந்தாள்.
பீல் நகரம் அப்படி,
ரயில் நிலையத்துக்கே இரண்டு பெயர்.

ஏழாம் நாள் பாலில் செந்நூல் ஓடியது.
என் மார்புதான் வெடித்ததென்று
கழுவினேன், களிம்பு பூசினேன்,
மறுபடியும் ஓடியது.
கைபேசி வெளிச்சத்தில் நாக்கை உயர்த்தினால்
அடியில் வெள்ளையாய் ஒரு புண்,
விளிம்பு தடித்து,
பல் உரசும் அதே இடத்தில்.
பசித்து வாய் திறப்பாள்,
பால் பட்டதும் வீறிடுவாள்.

ஸ்காபரோவிலிருந்து பெரியம்மா எடுத்தா:
"பல்லோட பிறந்தால் மாமனுக்கு ஆகாதெண்டு சொல்லுவினம்.
தம்பியைக் கொஞ்ச நாளைக்கு
அந்தப் பக்கம் வரவேண்டாமெண்டு சொல்லு."

ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தான் கேதீசன்.
முழங்கையில் பேக்கரி மா,
கையில் ஊசியில்லாத சிரிஞ்.
கறந்து வைத்த பாலை
அவள் கன்னத்தின் உட்புறமாகச்
சொட்டுச் சொட்டாய் விட்டபடி,
"ஆகாட்டிப் போகுது" என்றான்,
"மூண்டு மில்லி குடிச்சிட்டாள்."

பதினோராம் நாள்
டொக்டர் ஷாப்புயி விரல்நுனியால்
பல்லை ஆட்டிப் பார்த்தார்.
ஆடினால் பிடுங்கியிருப்பாராம்,
கழன்று மூச்சுக்குழலுக்குள் போய்விடும் என்று.
ஆடவில்லை.
பிரெஞ்சில் அவர் சொன்னதைத்
தாதி எனக்கு ஜெர்மனில் சொன்னாள்,
நான் தம்பிக்குத் தமிழில் சொன்னேன்.
நாக்கில் புண் உள்ளவளிடம்
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

தலையை அவன்தான் பிடித்தான்,
சூடாறாத பாணைத் தூக்குவதுபோல
இரண்டு உள்ளங்கைக்குள்.
சின்னத் தட்டு சுழன்றது, கூர் போனது.
மேலே ஒரு சொட்டுப் பிசின்.
நீல ஒளி, இருபது எண்ணும்வரை.
பன்னிரண்டில் என் குரல் உடைந்தது,
மிச்சத்தை அவன் எண்ணினான்.

புண்ணுக்கு மருந்து?
ஒன்றும் வேண்டாம், உரசல் நின்றால் தானே ஆறும்,
மரக்கச் செய்யும் ஜெல் எதையும்
கேட்காமல் பூசாதே என்றார்.
இரண்டு கிழமை பொறுக்கச் சொன்னார்.

வெளியே மழை.
நான்காம் இலக்க பஸ் போய்விட்டது,
கேதீசனின் மாலை வேலையும் அதோடு.
மாமனுக்கு ஆகாதுதான் பெரியம்மா,
அரைநாள் சம்பளம் போய்விட்டது.

நிறுத்தத்தின் கூரைக்குக் கீழே
மாதுமை அவன் சுட்டுவிரலைப்
பிடித்து வாய்க்குள் இழுத்தாள்.
நோகுதோ என்று கேட்டேன்.
"வழுக்குது" என்றான்,
விரலை எடுக்காமல்.