ஐந்தாவது கோல்

சேரம்பாடி பிரதர்ஸ் எப்போதாவது ஜெயிக்கும்.
பந்தலூர் மைதானத்தில் அதைப் பார்த்தவர்கள்
தேதி சொல்வார்கள்,
அன்று மழையா என்பதையும் சொல்வார்கள்.

எனக்கு ஒன்பது வயது. டிக்கெட் இரண்டு ரூபாய்.
தார்ப்பாய்க்கு வெளியே, தேயிலைச் செடிக்குள்
இடுப்புவரை நனைந்து நின்று
விசில் சத்தத்தில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
காலில் மூன்று அட்டை,
எண்ணியது பிறகுதான்.

தார்ப்பாயைத் தாண்டி வந்த பந்து
நெஞ்சில் மோதி என் கைக்குள் நின்றது.
ஈரப் பந்து அவ்வளவு கனக்கும் என்று
யாரும் சொல்லியிருக்கவில்லை.

பின்னாலேயே ஒருவர் குதித்தார்.
மஞ்சள் சட்டை, நான்காம் எண்,
வலது பூட்ஸ் வாய்பிளந்து, சணலால் கட்டியிருந்தது.
நாலு கோல் வாங்கியிருந்தார்கள். எனக்குத் தெரியாது.
"குடு தம்பி, இன்னும் ரெண்டு நிமிசம் இருக்கு"
என்றார்,
ரெண்டு நிமிசம் போதும் என்பதைப் போல.

கொடுத்தேன்.

அந்தப் பந்தில்தான் ஐந்தாவது கோல்,
அவர்கள் வலையில்.
மைக்கில் மலையாளத்தில் ஒருமுறை சொன்னார்கள்,
தமிழில் ஒருமுறை.
இரண்டிலும் அஞ்சுதான்.

முப்பத்திரண்டு வருடமாக
டிக்கெட் வாங்கித்தான் உள்ளே போகிறேன்.
மஞ்சள் சட்டை ஊதாவாகி, திரும்ப மஞ்சளாகி,
இப்போது ஏதோ சிமென்ட் கம்பெனியின் பெயரோடு
தோற்கிறது.

மகள் பிரின்ஸி கேட்கிறாள்:
"போன்ல உலகத்து டீம் எல்லாம் இருக்கு,
இவங்க பின்னாடி ஏன்ப்பா?"

"பழகிடுச்சு" என்கிறேன்.

பந்தைக் காணோம் என்று
செடிக்குள் கொஞ்சம் தேடுவதுபோல் நடித்திருக்கலாம்.

ரெண்டு நிமிசம்தானே.