நிலுவை

கெடிலம் ஸ்போர்ட்டிங் கழகத்தின் வரலாறு
கோப்பைகளில் இல்லை. கோப்பை மொத்தம் மூன்று,
ஒன்றுக்குக் கைப்பிடி கிடையாது.
இருப்பதெல்லாம் இந்தக் கணக்கு நோட்டில்;
ஒன்பது வருஷமாக, பொருளாளர் என்ற முறையில்,
என் பீரோவில், புடவைகளுக்கு அடியில்.

முதல் வரவு: துறைமுக ஆட்களிடம் தலைக்கு நாலணா.
முதல் செலவு: பந்து ஒன்று, ஊசி ஒன்று.
அடுத்த வாரமே: ஊசி ஒன்று.
பனியன் வெள்ளையாகத்தான் வாங்கினார்கள்.
இரும்புத் தாது சுமந்த தோளோடு நேரே வந்து ஆடியதில்
இரண்டே மாதத்தில் செங்காவி.
‘கழகத்தின் நிறம் சிவப்பு’ என்று தீர்மானம் போட்டு
சோப்புச் செலவை நிறுத்திவிட்டார்கள்.

ஆட்டத்துக்கு மூன்று ரூபாய்.
அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது,
வாங்காமல் ஆடவும் மனசு வராது.
அரை வயிறு கப்பல், அரை வயிறு பந்து.

அறுபத்தேழு, மாசி மாதம்.
கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால், பாதி உப்பு பூத்த எங்கள் மைதானம்.
எதிரே புதுச்சேரி மில் அணி,
பதினோரு பேருக்கும் பூட்ஸ்.
ஒன்றுக்கு ஒன்று.
அறுபதாவது நிமிடம் கப்பல் ஊதியது.

இரவெல்லாம் படகில் சரக்கு இறக்கினால் பதினொரு ரூபாய்.
அஞ்சாப்புலி நின்றார். கபூர் நின்றார். சவரிராயன்
காலடிக்கு வந்த பந்தை மெதுவாக வெளியே தட்டிவிட்டார்.
கோலி தேசிங்கு தொப்பியைக் கம்பத்தில் மாட்டிவிட்டு
உப்பனாற்றுப் பக்கம் நடந்தார்,
மூவரும் பின்னாலேயே.
நடுவர் விரல்விட்டு எண்ணினார்: ஏழு.
ஏழு இருந்தால் ஆடலாம், விதி.
ஆடினார்கள். ஒன்றுக்கு நான்கு.

தகராறு அதற்குப் பிறகுதான்.
போனவர்களுக்குக் கூலி உண்டா?
மூன்று கூட்டம், ஒரு நாற்காலி உடைசல் (செலவு: ஐந்தே கால்).
கடைசியில் தீர்ப்பு: அறுபது நிமிடத்துக்கு இரண்டு ரூபாய்.
மீதி நாலு ரூபாயை நின்ற ஏழு பேரும் கேட்டார்கள்,
‘அவங்க ஓட வேண்டியதையும் நாங்கதானே ஓடினோம்.’
நியாயம்தான்.
நான்கை ஏழால் வகுத்துப் பாருங்கள்.
அன்றைய பொருளாளர் ஓரத்தில் நாலைந்து முறை வகுத்திருக்கிறார்,
பென்சில் காகிதத்தைக் கிழிக்குமளவு.
பிறகு ‘நிலுவை’ என்று எழுதி அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோனார்.

கப்பல்கள் குறைந்தன. சிப்காட் வந்தது.
ஒரு சாயக் கம்பெனி தன் பெயரை எங்கள் முதுகில் எழுதி
மாதம் ஒரு கவர் கொடுத்தது.
தெற்கிலிருந்து காற்று அடித்தால் இடைவேளைக்குள் மூச்சு வாங்கும்;
அந்தக் காற்றில்தான் இரண்டு கோப்பை ஜெயித்தோம்.
கம்பெனி போயிற்று. முதுகில் எழுத்து போகவில்லை.
கடல் உள்ளே வந்த டிசம்பரில் நோட்டு நனைந்தது;
எண்பதுகளின் கோல்களெல்லாம் நீலக் கறை.
புயல் வருஷம் கோல் கம்பம் ஒன்று
முந்திரித் தோப்பில் கிடைத்தது, வளைந்து,
அப்படியே நட்டோம்.
நாலு ரூபாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

‘இது என்னம்மா, தள்ளுபடி பண்ணிடலாமே’ என்கிறார் ஆடிட்டர்,
ஒவ்வொரு பங்குனியிலும்.
தலையாட்டிவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

போன ஞாயிறு எழுபதாவது நிமிடம்
நாவரசனின் போன் அடித்தது. சாப்பாட்டு டெலிவரி,
மஞ்சக்குப்பத்துக்கு இரண்டு பிரியாணி.
மாற்று ஆட்களில் ஒருவனுக்குக் காய்ச்சல், இருவருக்கு ஷிப்ட்.
அவன் நடுவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.
பிறகு ஜெர்சியோடே வண்டியை உதைத்தான்.

ஆட்டத்துக்கு நானூற்றைம்பது.
எழுபது நிமிடத்துக்கு முந்நூற்றைம்பது.
மீதி நூறு, நின்றவர்கள் பத்து பேர்.
தலைக்குப் பத்து. வகுபட்டுவிட்டது,
ஒரு பைசா மிச்சமில்லாமல்.

ராத்திரி பத்து மணி. நோட்டு திறந்தே கிடக்கிறது.
இவ்வளவு சுலபமாக வகுபட்டதுதான்
எனக்குப் பிடிக்கவில்லை.