ஏப்ரல் முதல் அக்டோபர் வரை

என் காரின் ஆண்டுக்கு ஏழே மாதம்.
நம்பர் தகட்டின் ஓரத்தில்
நான்கின் கீழே பத்து என்று
அச்சடித்துக் கொடுத்திருக்கிறது அரசு.
மீதி ஐந்து மாதம்
அது தெருவில் நின்றாலே குற்றம்.

மார்ச் முப்பத்தொன்று, நள்ளிரவுக்குப் பத்து நிமிடம்.
கராஜில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்,
இருக்கை இடுப்பை இறுக்கிப் பிடிக்க.
வெளியே ஐஃபல் மலைக்காட்டில் தூறல்.
புத்தியுள்ள எவளும் விடியும்வரை தூங்குவாள்.

பன்னிரண்டு அடித்தது. சாவியைத் திருப்பினேன்.
டிக்.
அவ்வளவுதான்.
பனிக்கால உறக்கத்திலேயே
பேட்டரி செத்துப்போயிருந்தது.

*

பிழைப்புக்குப் பியானோ சுருதி சேர்ப்பவள் நான்.
கோப்ளென்ஸிலிருந்து ட்ரியர் வரை
பள்ளிகள், தேவாலயங்கள், பல் மருத்துவர்களின் வரவேற்பறைகள்.
ஒரு தந்தி மயிரிழை தளர்ந்தாலும்
என் பிடரிக்குத் தெரிந்துவிடும்.
வேலைக்குப் போவது துருப்பிடித்த வேனில்.
சேர்த்த காசில் வந்தது இது:
பதினேழு வயது, ஆறு சிலிண்டர்,
எனக்கு முன்னால் மூன்று பேர்.

"ஒரு புதுச் சமையலறையே போட்டிருக்கலாம்"
என்கிறாள் தங்கை ரோஸ்வித்தா, வரும்போதெல்லாம்.
பின் டயர் இரண்டின் விலையை
அவளிடம் இன்னும் சொல்லவில்லை.
யானை வாங்கியவள்
கரும்புக்குக் கணக்குப் பார்க்கலாமா?

பெட்ரோல் பங்கில் கேட்கிறார்கள்:
"உங்கள் வீட்டுக்காரருடையதா?"
சூப்பர் மார்க்கெட் சரிவில்
முன்மூக்கு தரையை உரசும்போது
என் பற்கள் கூசுகின்றன.

*

இன்னொன்று.
மூவாயிரத்து நூறு சுற்றுக்கும்
மூவாயிரத்து நானூறுக்கும் நடுவே
எங்கிருந்தோ ஒரு கிறுகிறுப்பு.
வலப்பக்கமா, காலடியிலா, கூரையிலா,
எஞ்சின் பாடும் ஈ-யைவிட
ஒரு இம்மி மேலே.

மெக்கானிக் எக்கெஹார்ட்
கதவைப் பிரித்தான், டேஷ்போர்டைப் பிரித்தான்,
என் பக்கத்தில் உட்கார்ந்து கண்மூடி
நாற்பது கிலோமீட்டர் வந்தான்.
"எனக்கொன்றும் கேட்கவில்லை, ஃப்ராவ் ப்ரைடன்பாஹ்."
கேட்காத சத்தத்துக்கு
நானூற்று அறுபது யூரோ.

*

ஆனால் ஞாயிறு, காலை ஐந்தே முக்கால்,
ஆடனாவைத் தாண்டி அந்த மலைப்பாதை.
எண்ணெய் சூடேறக் காத்திருந்துவிட்டு
மூன்றாம் கியரில் வளைவின் வயிற்றுக்குள் இறங்குகையில்
உள்ளங்கைக்குள் சாலை பேசத் தொடங்கும்:
இங்கே தார் ஒட்டுப் போட்டது,
இங்கே ஈர இலை,
இங்கே போன தையில் பனி பிளந்த கீறல்.
வளைவு முடியுமிடம் கண்ணில் படுமுன்
இடுப்புக்குத் தெரியும்.
அப்போது மிதி.
ஐயாயிரம். ஆறாயிரம்.
ஏழாயிரத்தில் அது எஃப், அப்பழுக்கில்லாத எஃப்.
என் இசைக்கவையின் ஏ-வை எட்ட
எட்டாயிரத்து எண்ணூறு வேண்டும்.
சிவப்புக்கோடோ ஏழாயிரத்து இருநூறில்.
ஒருநாளும் எட்டாது.
எட்டாதென்று தெரிந்துதான்
ஒவ்வொரு முறையும் வலதுகால் நீள்கிறது.

பிறகு நெடுஞ்சாலை. வேகத்துக்கு வரம்பில்லாத பதினொரு கிலோமீட்டர்.
அதில் ஒன்பதில் சாலை வேலை.
அதற்கப்பால் காட்டின் நடுவே
பாதியில் நிற்கிறது நெடுஞ்சாலை, பல ஆண்டாக.
ஒற்றைத் தடம், இரட்டை வெள்ளைக்கோடு,
சாண உர வண்டி இழுத்துப்போகும் டிராக்டர்.
முந்நூறு குதிரைகளும் நானும்
பசுக்களின் வேகத்தில், கண்ணாடியை ஏற்றிவிட்டு.

*

ஜூனில் ஒரு கடிதம் வந்தது.
ஐம்பதில் போகவேண்டிய ஊருக்குள் எழுபத்தொன்று.
நூற்றுப் பதினைந்து யூரோ.
ஆதாரத்துக்குக் கறுப்பு வெள்ளையில் ஒரு படம்.

வெறிபிடித்த முகத்தை எதிர்பார்த்தேன்.
படத்தில் என் தலை
வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது,
காது டேஷ்போர்டைத் தொடாத குறை,
நெற்றி சுருங்கி, வாய் பாதி திறந்து,
பியானோவின் மூடிக்குள் குனிந்தவளைப் போல.

பணம் கட்டிவிட்டேன்.
படத்தை எக்கெஹார்டுக்கு அனுப்பினேன்.
"சரி, வியாழக்கிழமை கொண்டு வாருங்கள்"
என்று பதில் எழுதியிருக்கிறான்.
வியாழன் மழையாம்.