மேற்படி இருவரும் ஒருவரே

மகாபொலவுக்கு ஒன்று.
பேர்சரிக்கு ஒன்று.
வங்கிக் கடனுக்குப் பதினொரு பக்கம்.
கனடாவில் இருக்கும் ஊர்ச் சங்கத்தின் படிவம்
வட்ஸ்அப்பில் வந்தது; அதைப் பிரிண்ட் எடுக்க
குருமண்வெளிக்குப் பாதை ஏறி
களுவாஞ்சிகுடி போய்வந்தேன்.

மண்டூரில், எங்கள் சீமெந்துத் தரையில்,
நாலையும் பரப்பினால்
மின்விசிறி ஒவ்வொன்றாய்த் தூக்குகிறது.
ஒன்றின் மேல் உப்புப் போத்தல்.
ஒன்றின் மேல் தம்பியின் கால்.

தந்தையின் மாத வருமானம்?
அப்பாவுக்கு மாதம் கிடையாது.
மாரி வெள்ளாமை இருக்கிறது, சிறுபோகம் இருக்கிறது,
இரண்டுக்கும் நடுவில் கடைக் கொப்பி இருக்கிறது.
"பன்னிரண்டால பிரி புள்ள" என்றார் கிராம சேவகர்.
பிரித்தேன்.
வெள்ளம் வந்த வருசத்துக்கு
கல்குலேற்றர் கழித்தல் குறி காட்டிற்று.
பெட்டியில் கழித்தலுக்கு இடமில்லை,
பூச்சியத்தை யாரும் நம்பமாட்டார்கள்.
கடைசியில் அவரே ஒரு தொகை சொன்னார்.
நல்ல தொகை.
அப்பா அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்.

பேர்சரிப் படிவம் தூரம் கேட்கிறது:
வீட்டிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு எத்தனை கிலோமீற்றர்.
தண்ணியாலயா, தார் றோட்டாலயா?
பாதை ஓடினால் வாவி கொஞ்சத் தூரம்தான்.
காற்றடித்தால் ஓடாது,
மறுகா வெல்லாவெளியால் சுற்றி
பட்டிருப்புப் பாலம் பிடிக்க வேணும்.
தூரம் கூடினால் நல்லதாம்.
நான் காற்றடிக்கும் நாளை எழுதினேன்.

வாகனம்: உண்டு / இல்லை.
பொருந்தாததை வெட்டிவிடுக.
கொல்லையில் லாண்ட்மாஸ்டர் நிற்கிறது,
பெட்டிக்குள் கோழி அடை கிடக்கிறது.
எதை வெட்ட?
'இல்லை'யை வெட்டப் போன பேனையை
அம்மா பிடித்துக்கொண்டாள்.

அடுத்த கிழமை வங்கியில்
அதே லாண்ட்மாஸ்டருக்குப் பெறுமதி போட்டோம்.
"ஓடும் நிலையில்" என்று எழுதச் சொன்னார் அந்த அக்கா.
எழுதினேன். கோழி அப்போதும் எழும்பவில்லை.
பிணை நிற்க இரண்டு பேர்,
நிரந்தர அரச ஊழியர்.
பிரதேச சபையில் வேலை செய்யும் சித்தப்பா
அன்றிலிருந்து எங்கள் ஒழுங்கையால் வருவதில்லை.

ஊர்ச் சங்கத்துக்குப் படம் வேண்டும்:
வீடு தெரிய, குடும்பம் தெரிய.
முன்சுவருக்குப் போன சித்திரைக்குத்தான் பெயின்ற் அடித்தது.
"பின்னுக்குப் போங்க, குசினிப் பக்கம்" என்றான்
படம் எடுக்க வந்த நிரோஜன்.
"சேட்டைக் கழட்டினா நல்லம் மாமா."
அப்பா ஒன்றும் சொல்லவில்லை.
மேல் பொத்தானையும் பூட்டினார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த அன்று
ஒரு 'ப்' கண்டுபிடிக்கப்பட்டது.
என் பிறப்புச் சான்றிதழில் அவர் பூபாலபிள்ளை.
அடையாள அட்டையில் பூபாலப்பிள்ளை.
வேறு ஆளாக இருக்கலாமாம்.
சத்தியக் கடதாசி கொண்டு வா.

வெல்லாவெளியில் சமாதான நீதவான் வீடு.
மை காய்ந்த முத்திரையில் அவர் வாயால் ஊதினார்.
நான் பையில் இருந்த நாலையும் நினைத்தேன்:
மாதம் மாதம் உழைக்கும் ஒரு அப்பா,
வாகனம் இல்லாத ஒரு அப்பா,
ஓடும் லாண்ட்மாஸ்டர் வைத்திருக்கும் ஒரு அப்பா,
குசினிச் சுவரோடு நிற்கும் ஒரு அப்பா.
கடதாசியில் ஆனால் இரண்டு பேர்தான்,
ஒரு 'ப்' வித்தியாசத்தில்.

அப்பா கையெழுத்துப் போடுமுன்
விரல் வைத்து, எழுத்துக்கூட்டி வாசித்தார்.
மேற்படி இருவரும் ஒருவரே எனச்
சத்தியம் செய்து உறுதிப்படுத்துகிறேன்.

பிறகு என் பக்கம் சரிந்து
மெதுவாய்க் கேட்டார்:
"அந்த நல்ல தொகை எழுதினது
இதில ஆருக்குப் புள்ள?"