லீவு

லியோனிலிருந்து வந்திருந்த தனிஸ்லாஸ்
மிஷன் வீதியில் என் ஜெராக்ஸ் கடை நிழலில் நின்று சொன்னான்:
அங்கே எங்கள் பங்குக் கோயிலை விற்றாயிற்று.
உள்ளே இப்போது சுவரேறும் விளையாட்டு.
பீடம் இருந்த இடத்தில் மெத்தை,
விழுகிறவர்களுக்கு.

ஆனால் ஆகஸ்டு பதினைந்து ஆலை திறக்காது.
ஏன் என்று மேஸ்திரியைக் கேட்டானாம்.
"லீவுன்னா லீவு. கடலுக்குப் போ."
மாதா விண்ணேறிய நாள் என்று
இவனும் சொல்லவில்லை.

நமக்கும் அன்று லீவுதான், கொடிக்கு.

அவன் அப்பாவின் பென்ஷன் படிவத்தைப் புரட்டினேன்.
மதத்துக்குக் கட்டமே இல்லை.
இருபது வருஷம் நிரப்பிய கை, இன்றுதான் தேடியது.
"அப்ப அது வேதக்கார நாடா, இல்லியா?"

வாயைத் திறந்தான். அதற்குள்
ஆட்டோவிலிருந்து ஓர் அம்மாள் தலையை நீட்டி
"மிஷன் வீதி எதுப்பா?"
இதுதான், என்றோம் இருவரும்.
பட்டுக்கடைக்கு வந்தவள். கையைக் காட்டினோம்.

ஆறு மணி அடித்தது மாதா கோயிலில்.
தனிஸ்லாஸின் வலக்கை நெற்றிவரை போய்
வியர்வையைத் துடைத்துக்கொண்டு இறங்கியது.

எத்தனை காப்பி, என்றேன்.