இரண்டு வட்டங்கள்

மாலை ஐந்தரை. வாசல் விளக்கை அணைத்தாயிற்று.
யாரோ ஒரு குழந்தை விட்டுப்போன ஒற்றைக் கையுறை
ஹீட்டர் மேல் காய்கிறது.
வெளியே அரூஸ்டுக் முழுக்கப் பனி.
எவர் உருளைக்கிழங்கு வயல் எங்கே முடிகிறதென்று
இன்று யாராலும் சொல்ல முடியாது.

திரையில் இரண்டு வட்டங்கள்.
குழுவாக.
தனித்தனியாக.
ஒன்றில் புள்ளி வைக்க வேண்டும்,
மார்ச் முப்பத்தொன்றுக்குள்.

பதினெட்டு வருடமாக இந்த கிளினிக்கின் கணக்கு என் கையில்.
எனக்கு ஊசி போடத் தெரியாது.
யாருக்கு யார் போடாமல் விட்டார்கள் என்பது தெரியும்.

தனித்தனியாக என்றால் தலைக்கொரு மதிப்பெண்:
டாக்டர் திபோடோ, தொண்ணூற்றொன்று.
டாக்டர் ப்ரேய், எழுபத்தெட்டு.
லெனோரா ஹாஸ்கல், நாற்பத்து மூன்று.
வாரம் இரண்டு நாள் வரும் கார்மியேக்கு
நோயாளிகள் குறைவு, அதனால் விலக்கு.
குழுவாக என்றால் எல்லாம் ஒரே சட்டியில்,
கார்மியேயும் சேர்த்து,
எல்லோர் நெற்றியிலும் ஒரே எண்.
இரண்டு வருடம் கழித்து அந்த எண்
மெடிகேர் காசோலையில் வந்து உட்காரும்,
கூட்டலாகவோ கழித்தலாகவோ.

இரண்டு விதமாகவும் அனுப்பலாம்,
எது உயர்வோ அதை எடுத்துக்கொள்வார்கள் என்றாள்
உதவி எண்ணில் ஒரு பெண்.
அவ்வளவு வேலைக்கு ஆள் எங்கே என்றேன்.
காத்திருக்கச் சொல்லி இசையைப் போட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை மதியம் பேசினோம்.
"என் எண் என் உழைப்பு" என்றார் திபோடோ.
பொய்யில்லை. காலை ஆறரைக்கே வந்து
கோப்புகளைப் படிக்கிற மனிதர்.
பிறகு லெனோரா, பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு இளையவள்,
கோட்டைக் கழற்றாமலே சொன்னாள்:
"தனித்தனியாகவே அனுப்பு, டோரீன்.
என்னால் யாரும் கீழே இறங்க வேண்டாம்."
பாதி சாண்ட்விச்சைக் காகிதத்தில் மடித்தாள்.
யாரும் மறுக்கவில்லை.
ஆமென்றும் சொல்லவில்லை.
ப்ரேய் மட்டும் உப்பு டப்பாவைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

இன்று அந்த நாற்பத்து மூன்றைப் பிரித்துப் பார்த்தேன்.
சர்க்கரை ஒன்பதுக்கு மேல், இருபத்தாறு பேர்.
அதில் ஒன்பது பேருக்கு நேரே
"மாற்றம்" என்று ஒரு தேதி.
எங்கிருந்து?
நடைவழியின் அந்தக் கடைசி அறையிலிருந்து.
மூன்று முறை வராதவர்களுக்கு திபோடோ ஒரு கடிதம் அனுப்புவார்:
தங்கள் நலனுக்கு வேறு மருத்துவரே ஏற்றவர்.
கீழே பொடியெழுத்தில், தட்டச்சு செய்தவர்: டி.பி.
டி.பி. நான்தான்.
அஞ்சல் தலையும் நான் ஒட்டியதுதான்.

ஒவ்வொரு கடிதத்துக்கும் மறுநாள் காலை
லெனோரா என் மேசையருகே நிற்பாள்,
காபியில் பால் இருக்கிறதா என்று கேட்கிற குரலில்:
"அவரை என் பட்டியலில் போடு."

அந்த ஒன்பது பேரையும் காகிதத்தில் மட்டும்
பழைய அறைக்கே திருப்பி அனுப்பிப் பார்த்தேன்.
தொண்ணூற்றொன்று எண்பதாயிற்று.
நாற்பத்து மூன்று ஐம்பத்தெட்டு.
அழிப்பானைத் தேடினேன். அழிக்கவில்லை.

தொலைபேசி. அல்சீட் வெலெட், ஒன்பதில் ஒருவர்,
கால் விரல் இரண்டை இழந்தவர்.
பாதையில் இன்னும் பனி தள்ளவில்லையாம்,
நாளை வர முடியுமோ தெரியாதாம்.
"இதோடு மூன்றாவது தடவை, இல்லையா?
கடிதம் வருமா?"
விரலில் எண்ணி வைத்திருக்கிறார், பாவம்.
வெள்ளிக்கிழமை பத்து மணி என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன்.
பேனா தேடும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

முதல் வட்டத்தில் புள்ளி வைத்தேன்.
அனுப்பு என்பதை அழுத்தவில்லை;
அது நான் மட்டும் அழுத்துகிற பொத்தானில்லை.
இன்னும் நான்கு நாள் இருக்கிறது.
நாளை மதியம் சாண்ட்விச் தட்டுக்குப் பக்கத்தில்
ஒன்பது கடிதங்களின் நகல் இருக்கும்,
என் பொடியெழுத்து மேலே தெரிகிற மாதிரி.
திட்டினால் திட்டட்டும்.

நகல் இயந்திரம் சூடாக நேரம் பிடிக்கும்.
வீட்டுக்குக் கிளம்ப மாட்டிய கோட்டைக்
கழற்றி ஆணியில் தொங்கவிட்டேன்.