கால் இஞ்ச் காலெட்

ரௌட்டர் என்றால் மூவாயிரத்து எண்ணூறு.
ஆசாரி கையில் பிடித்து ஓரம் சீவுகிற அதே மிஷின்;
கிளாம்பில் கழுத்தை மாட்டிவிட்டால்
நிமிஷத்துக்கு முப்பதாயிரம் சுற்று.
ஸ்பிண்டில் என்றால் பதினெட்டாயிரம்.
வேகத்தை ஏற்றி இறக்க ஒரு டிரைவ் பெட்டி,
சூடு தணிக்கத் தண்ணீர்,
தண்ணீரைச் சுற்றவிட ஒரு குட்டி மோட்டார்.

தண்ணீர் என்றதும் சிரித்துவிட்டேன்.
கொருக்குப்பேட்டையில்
மனுஷருக்கே ஒருநாள் விட்டு ஒருநாள்.

லிங்கிச் செட்டித் தெருவில்
தமீம் இரண்டையும் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தான்.
"இதுல கார்பன் தேயும்க்கா. மாத்திக்கலாம், எம்பது ரூபா.
அதுல தேய ஒண்ணுமில்ல.
போச்சுன்னா மொத்தமாப் போச்சு."

கன்டெய்னர் யார்டு எடைமேடையில்
பில் போடுகிறவள் நான்.
லாரி ஏறும், எண் அலையும், நிற்கும், அடித்துக் கொடுப்பேன்.
அன்றைக்கு எனக்குள் அது நிற்க
ஒரு டீயும் இன்னொரு டீயும் ஆனது.
ரௌட்டர்.

எங்கள் தெருவுக்குச் சத்தம் புதிதல்ல.
கேட் மூடினால் ஐம்பது ஹார்ன்,
திறந்தால் எழுபது.
கூட்ஸ் போகும்போது பேச்சைப் பாதியில் நிறுத்தி
கடைசிப் பெட்டி போனதும்
அதே சொல்லிலிருந்து தொடருகிற ஜனம்.
இது அப்படிக் காத்திருந்து அனுப்புகிற சத்தமில்லை.
பல்லுக்குள் புகுந்து உட்காருகிறது.

கீழ் போர்ஷன் ரூஃபினாவுக்கு ஸ்டான்லியில் நைட் டியூட்டி.
பகல் பதினொன்றுக்கு மேலே வந்தாள்.
திட்டவில்லை.
போனை நீட்டினாள்: தொண்ணூற்றாறு டெசிபல்.
"பில் போட்டுக்கோ" என்று இறங்கிப் போனாள்.

அந்த வாரமே இன்னொன்று.
கால் இஞ்ச் காலெட்டில்
ஆறு மில்லி பிட்டை மாட்டியிருந்தேன்.
போட்டதும் நின்றது, இறுக்கினதும் இறுகிற்று.
இரண்டுக்கும் நடுவே
ஒரு மில்லியில் மூன்றிலொரு பங்குச் சொச்சம்.
மூன்றாவது எழுத்தில் பிட் மெல்ல நழுவி
பலகையைத் தாண்டி, அடியில் கிடந்த ப்ளையையும் தாண்டி
அலுமினியத்தைக் கடித்தது.
பொய் சொல்கிற ஆள்கூட
என்னிடம் இவ்வளவு நேரம் நம்பிக்கையாக நடந்துகொண்டதில்லை.

சீட்டைத் தள்ளி எடுத்தேன்.
இம்முறை டீ இல்லை.
"ரன் அவுட் எவ்ளோ?" என்று கேட்டேன்.
கடைப்பையன் "யாரு?" என்று திரும்பிப் பார்த்தான்.
தமீம் டயல் கேஜைச் சாய்த்துவைத்து
தண்டைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினான்.
முள் லேசாக மூச்சு விட்டது, அவ்வளவுதான்.
ஆறு மில்லிக்கு ஒரு காலெட், கால் இஞ்சுக்கு ஒன்று,
அரைக்கால் இஞ்சுக்கு ஒன்று.
மூன்றுக்கும் தனித்தனி டப்பா கேட்டு வாங்கினேன்.
"மொதல்ல நட்டுல சாய்ச்சுப் போடு, டக்குனு ஒக்காரணும்.
அப்பறம்தான் ஸ்பிண்டில்ல.
மாத்திப் போட்டா கடிச்சுக்கும்க்கா, வெளிய வராது."

ஞாயிறு மதியம்.
பெயின்ட் பக்கெட்டில் தண்ணீர்,
கேன் வாங்கி ஊற்றியது.
முதல் வேலை ரூஃபினாவின் கதவுக்கு:
*பகலில் தூங்குகிறேன். தட்டாதீர்கள்.*

ஒரு முனகல். ஃபிரிட்ஜைவிடக் கொஞ்சம் கூட.
மரம் பூவாக உதிர்ந்தது.
'ட்' தலையில் புள்ளி
பிசிர் இல்லாமல் குழிந்தது.
கீழே அவள் தூங்குகிறாள் என்று
ஒவ்வொரு எழுத்துக்கும் ஒருதரம் காதைக் கொடுத்தேன்.
ஸ்பிண்டிலைச் சுற்றித் திரும்பிய தண்ணீர்
டியூப் வாயிலிருந்து சளசளவென்று பக்கெட்டில் விழுந்துகொண்டிருந்தது.

கடைசி 'ள்' வரும்போது
படியில் தடதடவென்று ஓட்டம்.
தலை கலைந்து, கண் பாதி மூடி,
இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குடங்களோடு
ரூஃபினா:

"இன்னாடி, மேல மட்டும் தண்ணி வருதா?
ஒரு கொரல் குடுக்க மாட்ட?"